புஷ்பபாயின் சம்மதம்

இரவல் வாங்கிய பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் நான் வீடு வந்ததில்லை. அப்படி வளர்ந்தவன். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவில் ஒன்பது வருடம் இருந்தேன். அடுத்தவர் வரியைத் திருடிய பிள்ளைகள் என் அறைப் பக்கமே வரமாட்டார்கள். அதனால், நாற்பது வருடத்துக்கு முந்தைய என் ஆய்வேட்டை மேசைமேல் வைத்து நீங்கள் விளக்கம் கேட்பது எனக்குப் புதுமையாகத்தான் இருக்கிறது. அதில் திருட்டு இல்லை. கேளுங்கள், சொல்கிறேன்.

எழுபத்தாறில் ஆய்வுக்காகப் பாறசாலைப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் நிலத்தில் குடில் போட்டு இருப்பவர்களுக்கு அந்தக் குடிலும் அதைச் சுற்றிப் பத்து சென்டும் சொந்தம் என்று சட்டம் வந்திருந்த காலம். ஆண்கள் லாஞ்சு ஏறி வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலமும் அதுதான். பிழைக்க ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தப் பத்து சென்ட் கைநழுவிவிடுகிறது என்பது என் வாதம். ஏழைகளுக்காகப் பேசிய வாதம், அதை மறந்துவிடாதீர்கள். நிரூபிக்க ஒரு குடும்பம் வேண்டியிருந்தது.

புஷ்பபாய் கிடைத்தாள். தாணு பிள்ளையின் தென்னந்தோப்பு மூலையில் அவள் அம்மா காலத்து ஓலைக்குடில். புருஷன் ஜஸ்டஸ் துபாய்க்குப் போய் எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். குடிலுக்கு உரிமை கேட்டு நிலத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருந்தாள். சொல்வது எதுவும் வெளியே போகாது என்றேன், எல்லாரிடமும் சொல்வதுபோல. வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்ததும் வைத்தாள். அந்த வீட்டில் நான் கை நனைத்தேன்.

"நிங்களானதுகொண்டு சொல்லுதேன் சாரே. அம்மெ செத்த பொறவு ரெண்டு வருசம் நாங்க ஒற்றசேகரமங்கலத்துல கூலிவேலைக்குப் போயிருந்தோம். குடிலு பூட்டித்தான் கெடந்தது. கேசுல அதெச் சொல்லல்ல."

குடிலில் விடாமல் குடியிருந்தால்தான் உரிமை; சட்டம் கணக்குப் பார்த்ததே அந்த இரண்டு வருடத்தைத்தான். நான் தேடிய வாக்கியம் தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல வந்துவிட்டது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, இளைய பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு நெய்யாற்றின்கரையில் என் அறைக்கே வந்தாள். "அண்ணைக்குச் சொன்னதெ வெட்டிருங்க சாரே. நெனச்சா ஒறக்கம் வரல்ல. எனக்க பிள்ளியளுக்கு வேற எடம் இல்ல, பாத்துக்கிடுங்க." அவள் கண்முன்னாலேயே கோடு போட்டு வெட்டினேன். மெல்லிய கோடு. எழுத்து தெரிந்தது.

என் வழிகாட்டி வேலாயுதன் சார் கறாரான மனிதர். சம்மதம் இல்லாத வாக்கை ஆய்வில் எடுக்கவே கூடாது என்றார். தீர்ப்பாயப் பதிவில் இருந்தால் வேறு, அது பொது ஆவணம், யாரும் எடுத்தாளலாம் என்று போகிற போக்கில் சொன்னார். மூன்று நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிலத் தீர்ப்பாயத்தில் விசாரணை வந்தது. குடில் பூட்டிக் கிடந்ததா என்று சாட்சியாக நின்ற என்னைக் கேட்டார்கள். கிடந்தது என்றேன். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல முடியுமா? மனு தள்ளுபடியானது. வெளியே மரத்தடியில் நின்றவள் என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"அவிய நிங்களெப் பிடிச்சு இழுத்திருப்பாவ. சாரு என்ன செய்யும்? வெசனப்படாண்டாம்."

யாரும் என்னை இழுக்கவில்லை. சம்மன்கூட வரவில்லை. விசாரணைக்கு முன்பே நானாகத்தான் காலை பஸ் பிடித்துத் தாணு பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவே இல்லை. "அது போட்டும் மக்கா, பத்து சென்டுதானே. அவளுக்க அம்மெ கெடந்த எடமாக்கும்" என்றார். அவரை வக்கீலிடம் அழைத்துக்கொண்டு போக எனக்கு அரை நாள் பிடித்தது.

மழை தொடங்குவதற்குள் குடிலைப் பிரித்துவிட்டார்கள். அவள் பிள்ளைகளோடு கோட்டுகால் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அடுத்த வருடம் ஜஸ்டஸ் ஒரு ரேடியோவோடு வந்து, தென்னைகளுக்கு நடுவே வீடு இருந்த இடத்தைத் தேடிக்கொண்டு நின்றான். நான் அங்கே இருந்தேன். அதையும் குறித்துக்கொண்டேன். நூற்றுப் பதினான்காம் பக்கம். தேர்வாளர்கள் மிகவும் பாராட்டிய பகுதி.

வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. மரச்சீனியை அதன் பிறகு நான் தொட்டதில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் விதியை மீறினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தகவல் தந்தவரின் பெயரை மறைக்க வேண்டும் என்பது விதி. அடிக்குறிப்பைப் பாருங்கள். புஷ்பபாயின் பெயர், ஊர், மனு எண் எல்லாம் முழுதாக இருக்கின்றன. அது பொது ஆவணம். தகவல் தந்த சாட்சியின் பெயரை மறைத்திருக்கிறேன்.