நல்ல பக்கம் வெளியில்

இரவு பதினொரு மணி தாண்டியிருக்கும். பாலாவிச் சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் வீதியில் ஆள் நடமாட்டமே இல்லை. யூட் வீட்டில் காலையிலேயே கரண்டை வெட்டிவிட்டார்கள். ஒரு மெழுகுதிரி. சுற்றிலும் கட்டிய பெட்டிகள். நடுவில் யூட், அர்கம், நான்.

விடிந்தால் லொறி வந்துவிடும். யூட் வீட்டை விற்றுவிட்டான். பேச்சுத் தொடங்கியதும் தெரியாது, முடிந்ததும் தெரியாது. அவ்வளவு அவசரம். மனைவி நிஷாந்தினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்பே சிலாபத்துக்குப் போய்விட்டாள். ஏனடா என்று கேட்டால், "நல்ல ஆள் வந்தாங்க, குடுத்துட்டன்" என்பான். அதற்கு மேல் வாய் திறக்க மாட்டான். எங்களைக்கூடப் பின்னால் குசினிப் பக்கத்தால்தான் உள்ளே விட்டான். முன்கதவை மறித்துப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தான்.

கனமூலையிலிருந்து சாமான் கட்ட வந்த அர்கமுக்கு அந்தக் கதவில் ஒரு கண்.

"மச்சான், சோக்கான தேக்கு. வாங்கின ஆள் புதுக் கதவு போடப்போறாராம் எண்டுதானே சொன்னாய்? கழட்டுவமா?"

ஸ்குறூட்றைவரோடு எழும்பியும் விட்டான்.

"அதை மட்டும் செய்யாத" என்றேன். "கதவைக் கழட்டிக்கொண்டு போன ஒராளின்ட கதை எனக்குத் தெரியும். இரு, சொல்றன்."

அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். நான் சொன்னேன்.

என் கூட்டாளி ஒருவனின் அக்காவைக் கட்டியவர் சாள்ஸ். கண்டக்குழி ஆள். அவருக்கு ஒரு தம்பி இருந்தான், தினுஷன். இரவில் கடலுக்குப் போய் விடியமுன் வருவான். ஒரு கையில் மண்ணெண்ணெய்க் கேன், மறு கையில் மீன் பை. கதவைத் தட்டக் கை ஏது? காலால் கதவின் அடியில் மெல்ல உதைப்பான். தொம்... தொம். தாய் பவுலினா எழும்பித் திறப்பாள். உதைத்து உதைத்து அந்த இடத்தில் நீலப் பெயின்ற் போய், மரம் தெரிந்தது.

ஒரு நாள் படகு மட்டும் கரைக்கு வந்தது.

உடல் கிடைக்கவில்லை. பவுலினா அவன் பெயரில் பூசை ஒப்புக்கொடுக்கக்கூட விடவில்லை. கதவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தாள். தாழ்ப்பாள் போடுவதை நிறுத்திவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து லொட்ஜ் கட்ட ஒருவர் காணி தேடி வந்தார். கேட்ட விலைக்கு ஓம் என்றார். உடனே வீட்டை விட்டு எழும்பிவிட வேண்டும், அது ஒன்றுதான் பேச்சு. வீட்டை இடிக்கப் போகிறார்கள். தம்பி போன பிறகு சாள்ஸ் கடற்கரைப் பக்கமே போவதில்லை. அவரும் ஓம் என்றுவிட்டார். தாய் மட்டும் அசையவில்லை.

"அவன் வந்தா எங்கயடா வருவான்?"

"கதவைக் கழட்டிக்கொண்டு போவம் அம்மா. வீடு மாறினாலும் அவனுக்குக் கதவைத் தெரியும்தானே?"

அவள் வாயை அடைக்கச் சொன்ன சொல் அது. அவள் அப்படியே நம்பிவிட்டாள். கையெழுத்தும் வைத்தாள். இந்த இடத்தைச் சொல்லும்போது சாள்ஸ் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

கடைசிச் சாமான்களோடு லொறி புறப்பட்டது இப்படியொரு நேரத்தில். எல்லாவற்றுக்கும் மேலே கதவு, கயிற்றால் கட்டியபடி. நுரைச்சோலை தாண்டியதும் வீதியில் வேறு வெளிச்சம் இல்லை. அப்போது...

தொம்... தொம்.

சாமான் ஆடுகிறது என்று டிரைவர் லொறியை நிறுத்தினான். சாள்ஸ் மேலே ஏறினார். கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் கதவில் ஒரு வாசம். மண்ணெண்ணெயும் ஈர வலையும் கலந்த வாசம். இறங்கி வந்து உட்கார்ந்தார்.

"வாறான்" என்றாள் தாய். முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

பாலாவிக்குக் கிட்ட வாங்கிய வீட்டின் பழைய கதவைக் கறையான் தின்றிருந்தது. மரவேலை பாஸ் வந்து கண்டக்குழிக் கதவைத் தூக்கி நிறுத்தினான்.

"அண்ணே, எந்தப் பக்கம் வெளியில?"

ஒரு பக்கம் உப்புக்காற்று தின்று, அடியில் தேய்ந்து கிடந்தது. மற்றப் பக்கம் பெயின்ற் பளபளவென்று இருந்தது. புது ஊர், நாலு பேர் பார்க்கும் வாசல்.

"நல்ல பக்கம் வெளியில இருக்கட்டும்" என்றார் சாள்ஸ். பாஸும் பிணைச்சலையும் தாழ்ப்பாளையும் மாற்றி, அப்படியே பொருத்திவிட்டுப் போனான்.

சில நாட்கள் ஒன்றுமில்லை. பிறகு ஓர் இரவு... தொம்... தொம்.

"திறடா, வந்துட்டான்" என்று உள்ளறையிலிருந்து தாய் கத்தினாள். சாள்ஸ் ஜன்னலால் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. "காத்து அம்மா, படுங்க" என்றார். மறுநாளும் அதே சத்தம், அதே பதில். தாய் அழத் தொடங்கினாள். யாரோ பெடியன்களின் சேட்டை, பிடித்து நாலு சாத்துச் சாத்தினால் சரி என்று நினைத்தார் மனிதர். அடுத்த இரவு கதவைச் சும்மா சாத்திவிட்டு, ரோச்சோடு வெளியே போய் உட்கார்ந்தார்.

தூரத்தில் ஒரு லொறி போனது. அதன் சத்தமும் அடங்கியது. பிறகு...

தொம்... தொம்.

ரோச் வெளிச்சம் கதவில்தான் இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. ஆனால் கதவு அதிர்ந்தது. சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

"அம்மா... நீங்களா?"

"நான் கட்டில்ல கிடக்கிறன் மகன். புள்ள கை நிறையச் சாமானோட நிப்பான். திற."

அப்போதுதான் சாள்ஸுக்கு உறைத்தது. தேய்ந்த பக்கம் உள்ளே இருக்கிறது. அவன் தனக்குத் தெரிந்த பக்கத்தில்தான் நிற்கிறான். வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு, உள்ளே விடச் சொல்லி உதைக்கிறான்.

எழும்பிப் போய்க் கதவைத் தள்ளினார். குளிராக ஏதோ ஒன்று அவரை உரசிக்கொண்டு வெளியே போனது. அதே மண்ணெண்ணெய் வாசம். உள்ளே சீமெந்து நிலத்தில் ஈரக் காலடிகள். எல்லாம் கதவைப் பார்த்து. திரும்பி வந்த அடி ஒன்றுகூட இல்லை.

"வந்துட்டானா மகன்?"

சாள்ஸ் வீதியைப் பார்த்தார். இருட்டு.

"ஓம் அம்மா. வந்துட்டான். களைச்சுப்போய்ப் படுத்துட்டான்."

அன்று பவுலினா தானே எழும்பி வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். நிம்மதியாகத் தூங்கினாள். இப்போது தினமும் அவனுக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றி வைக்கிறாள். கதவைத் திருப்பிப் பொருத்தினால் அவன் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவான், அது சாள்ஸுக்குத் தெரியும். ஆனால் ஏன் திருப்புகிறாய் என்று தாய் கேட்டால், அவர் என்ன சொல்வார்? பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுப் பொய் சொன்னேன் என்றா? பாவம் மனிதர், பாதியாய் மெலிந்துபோனார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஒழுங்கையில் மற்ற வீட்டுக் கதவுகளெல்லாம் அடியில் தேயத் தொடங்கின. சாள்ஸின் கதவு மட்டும் பளபளவென்று அப்படியே இருக்கிறது. பிறகு அடுத்த ஒழுங்கை. அதற்கடுத்த ஒழுங்கை...

நான் நிறுத்தினேன். மெழுகுதிரி பாதியாகியிருந்தது.

"விட்டான் பாரு ஒரு கதை!" என்று அர்கம் எழும்பினான். பெட்டிகளை இழுத்துப் போட்டு, தாழ்ப்பாளை நீக்கி, முன்கதவைத் திறந்தான். வெளியே போய்ப் போன் வெளிச்சத்தைக் கதவின் அடியில் பிடித்தான். பிடித்தபடியே நின்றான். நானும் போய்க் குனிந்து பார்த்தேன். ஒரு முழ உயரத்துக்குக் கீழே வார்னிஷ் இல்லை. வெறும் மரம்.

யூட் மட்டும் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

"வாங்கின ஆக்களுக்குச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னா வாங்குவாங்களா? அதுகளும் சின்னப் புள்ளைகள வச்சிருக்குதுகள்..." கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். "ஒவ்வொரு ராவும் வரும் மச்சான். ஒரு நாள்கூட நான் திறக்கேல்ல."

அர்கம் அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தான். உடனே கையை இழுத்து, விரல்களை முகர்ந்தான்.

"மச்சான்... இது இப்பதான் நனைஞ்சிருக்கு."