காளியாயிக்கு நான் கொடுத்த சாப்பாடு

தேத்தண்ணி வேண்டாம் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்தவர் கையால் எதையும் வாங்கிக் குடிக்கிற பழக்கம் எனக்கில்லை. அதனால்தான் இந்த ஆண்டியப்பன் இந்த வயதிலும் தடி இல்லாமல் மலை ஏறுகிறான்.

என் பேத்தி காளியாயியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். தம்பி பிறந்ததும் அவளுக்குத் தாய்ப்பால் நின்றது. மகன் பொல்பிட்டியவில் மின்நிலையம் கட்டுகிற வேலைக்குப் போயிருந்தான். மருமகள் சண்முகவடிவு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளையை நான்தான் பார்த்தேன். என்ன கொடுப்பது என்று நானும் விசாரிக்காமல் இல்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் பால்மா என்றார். என் பெண்சாதி ராக்காயி படுத்துக்கிடந்தபோது பார்லித் தண்ணியே போதும் என்றவரும் அவர்தான். அவள் போய்ச் சேர்ந்தாள். கடை முதலாளி ஜமால்தீன் ஏதோ ஒரு சத்துமா டின்னை நீட்டினார். விற்காமல் துருப்பிடித்த டின். யாரை நம்புவது? நான் வளர்ந்தது கஞ்சித்தண்ணியில். அதிலேயே சீனி போட்டுக் கொடுத்தேன். வேறொன்றும் கொடுக்க யாரையும் விடவில்லை.

ஒருநாள் வடிவு ஒளித்துவைத்து முட்டை ஊட்டினாள். பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டு வழித்து எடுத்தேன்.

"ஒரு முட்டதானே மாமா," என்றாள்.

"ஒன்னுலதான் எல்லாம் ஆரம்பிக்கும்," என்றேன்.

அன்றைக்குப் பிள்ளை அழுதாள். பிறகு அழுவதையே விட்டுவிட்டாள். மூலையில் உட்காரவைத்தால் வைத்த இடத்திலேயே இருப்பாள். கன்னமும் காலும் உப்பி வந்தன. முடி செம்பட்டையானது. எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற மூக்கன், "என்னா மாமா, பேத்தி தொரை வீட்டுப் புள்ளயாட்டம் ஆயிட்டா," என்று சிரித்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த டாக்டரம்மா லயத்துக்கு வந்தாள். வடிவும் கூட நின்றாள். டாக்டரம்மா பிள்ளையின் காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, அப்படியே நின்றது.

"இது சதையில்ல தாத்தா, தண்ணி. பால், முட்டை, பருப்பு குடுக்கலைன்னா புள்ள தங்காது. நாளைக்கு லொறி வரும், ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விடுங்க."

"நீங்க எத்தன புள்ள வளத்தீங்க?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

இதற்குமேல் என்ன கேட்க? சாப்பாட்டைப் பற்றியே சீமையில் படித்தவள் என்று இப்போது சொல்கிறீர்கள். நெற்றியில் எழுதி ஒட்டியா இருந்தது? டிஸ்பென்சர் கழுத்திலும் அதே குழாய்தான் தொங்கியது. அவள் கொடுத்துவிட்டுப் போன பால்மாவை லயத்துக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடைக் கானில் கொட்டினேன். தண்ணீர் கொஞ்ச தூரம் வெள்ளையாக ஓடியது.

லொறி வந்தபோது எல்லாரும் மலையில் வேலைக்குப் போயிருந்தார்கள். பிள்ளை பூண்டுலோயாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று டிரைவரிடம் சொன்னேன். அவள் கதவுக்குப் பின்னால் கம்பளிக்குள் கிடந்தாள். சத்தம் போட்டிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். போடவில்லை. சாயங்காலம் வடிவு லொறி வந்ததா என்று கேட்டாள். வரவில்லை என்றேன். மறுநாளும் கேட்டாள், அதையே சொன்னேன். அதற்கடுத்த நாள் அவள் கேட்கவில்லை. கேட்பதற்குப் பிள்ளை இல்லை.

ஆமாம், லொறியைத் திருப்பி அனுப்பியவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன்.

என் கவலை வேறு. வடிவு சின்னவனைத் தூக்கிக்கொண்டு அக்கரப்பத்தனையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே கண்டவர் பேச்சைக் கேட்டு அவனுக்கு என்னென்னவோ ஊட்டுகிறார்களாம். விசாரணையைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள் ஐயா. நான் போய் அவனையாவது காப்பாற்ற வேண்டும்.