மேற்படி என்று போட முடியாத வரி

மேடையின் நடுவே அமர்ந்து, என் பேச்சை எந்த நொடியில் சுருக்குவாரோ என்று என்னை அஞ்ச வைத்திருக்கும் தலைவர் அவர்களே! அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்தோரே! வேலைகளை விரைந்து முடித்து, வேர்வை காயுமுன் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நின்றுகொண்டே கேட்டால் நழுவுவது எளிது என்று கதவோரம் திட்டமிட்டு நிற்கும் தோழர்களே! முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, தாமே தைத்த வெள்ளைச் சட்டையில் வீற்றிருக்கும் தையற்கார அண்ணனே! அவர் அருகே அமர்ந்திருக்கும் அண்ணியே! கண்ணாடிக் கடைக்காரன் கைகூப்பி வணங்குகிறேன்.

பழம்பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். படித்தவர்களுக்குத் தெரியும். தோழியை அழைக்க வேண்டுமா? உடனே 'வாழி தோழி' வந்து நிற்கும். மலை வந்தால் மேலே முகில் வரும். கண் வந்தால் பின்னாலேயே கயலோ குவளையோ வரும். தூதுவனிடம் ஒரு செய்தியைச் சொன்னால், அவன் கடல் கடந்து போய் அதே செய்தியை அச்சு மாறாமல் ஒப்பிப்பான்; கேட்கும் நாம் இரண்டு முறை கேட்டாக வேண்டும். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரிக்க வேண்டியதுதான்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? சொல் வளம் கொழித்த மொழியில் சொற்பஞ்சமா? புதுமை புனையத் தெரியாத புலவர்களா? இல்லை! ஏட்டில் பார்த்துப் படித்த பாட்டல்ல அது. செவியில் பிறந்து நாவில் நடந்த பாட்டு. பாடுபவர் மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டும், கேட்பவர் மனம் வந்து சேர ஓர் இடம் வேண்டும். இந்த விடை புத்தகங்களில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத விடை ஒன்றைத் தையற்கார அண்ணன் வீட்டுக் கூடத்தில் கண்டேன். அதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

எங்கள் வட்டத்துக்கு ஒரு பாட்டு உண்டு. கடலுக்குப் போன கப்பலோட்டி ஒருவன், கரையில் இருக்கும் மனைவிக்குத் தன் கதையைச் சொல்லும் நீண்ட கதைப்பாடல். எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒரே வரி வரும்: 'இன்னும் கேள் என் துணையே.' கப்பல் புறப்பட்டதா? இன்னும் கேள் என் துணையே. புயல் பிடித்ததா? இன்னும் கேள் என் துணையே. பாய்மரம் முறிந்ததா? இன்னும் கேள் என் துணையே! நாங்கள் கூடும் அச்சகத்து மாடி அறையில், வாராவாரம், அதைப் பாடியவர் தையற்கார அண்ணன். குரலா அது! கீழே அச்சுப் பொறியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

அந்தக் குரல்தான் போயிற்று. கடையில் காலர் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரிக்கோலோடு சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, கால் மெல்லத் தேறியது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. திருப்பிச் சொல்ல ஒரு சொல் அகப்படவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் அம்மா வந்து படம் காட்டுவார்: இது குடம், இது கதவு. அண்ணன் வாயைத் திறப்பார், காற்று வரும், கண்ணீர் வரும், குடம் வராது.

ஒருநாள் அண்ணி என் கடைக்கு வந்தார். கண்ணாடி மாற்ற வந்ததாகச் சொன்னார். மாற்றவில்லை. "தம்பி, அவரு பேசாம இருக்கிறது கூடப் பழகிடும் போல. அவரு குரல் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு மறந்துடுமோ, அதுதான் பயமா இருக்கு" என்றார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வட்டம் கூடி முடிவு செய்தோம். அவர் நமக்குப் பாடிய பாட்டை அவர் வீட்டுக்குப் போய் நாம் படிப்போம். கையெழுத்துப் படி கந்தலாகிவிட்டதால், புதிதாகத் தட்டச்சு செய்து தரும் பொறுப்பை நம் தலைவர் ஏற்றார். தலைவரின் தொழில் உங்களுக்குத் தெரியும்: அலுவலகக் கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது. மூன்று மணி நேரச் சண்டையை மூன்று வரியில் அடக்குவார். அவரை நாங்கள் 'சுருக்கம்' என்றுதான் கூப்பிடுவோம். தலைவரே, முறைக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்! அவர் கைக்குப் போன கப்பலோட்டி என்ன ஆனான் தெரியுமா? முதல் பகுதியில் 'இன்னும் கேள் என் துணையே' முழுதாக இருந்தது. இரண்டாம் பகுதியிலிருந்து, பாட்டு நெடுக, 'மேற்படி'!

புயலில் சிக்கியவன் மனைவியைப் பார்த்து 'மேற்படி' என்கிறான், ஐயா! கேட்டதற்கு, "சொன்னதையே எதுக்குப்பா மறுபடி அடிக்கணும்? அதான் மேல இருக்குதே" என்றார். சரி, படிக்கும்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் படிப்போம் என்று கிளம்பினோம்.

அண்ணன் வீட்டுக் கூடம். தையல் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. அண்ணன் நாற்காலியில். தலைவரே படித்தார். முதல் பகுதி முடிந்தது. இரண்டாம் பகுதி தொடங்கியது. அண்ணன் இடக்கையைத் தூக்கினார். "என்னண்ணே, தண்ணியா?" இல்லை. மூன்றாம் பகுதி தொடங்கியது. மறுபடியும் கை. "காத்து வேணுமா?" இல்லை. நான்காவதில் நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார். அண்ணி பதறி, "போதும் தம்பி, அவருக்குப் பிடிக்கலை, நிறுத்திடுங்க" என்றார்.

தலைவர் நிறுத்தவில்லை. தாளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். தாம் 'மேற்படி' போட்ட இடங்களில்தான் அந்தக் கை எழுந்திருக்கிறது. தாளை மடியில் கவிழ்த்தார். இசைக்கும் தமக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத அந்தக் குரலில் இழுத்தார்: "இன்னும் கேள் என்..."

"துணையே."

சொன்னது யார்? அண்ணன்! குடம் வராத வாயில், கதவு வராத நாவில், துணை வந்தது! அடுத்த பகுதியில் வரி முழுதும் வந்தது. அதற்கடுத்ததில் ராகத்தோடு வந்தது. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார். அடுப்பு எரியவே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

கைதட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. வேறு ஒரு சொல்லும் வரவில்லை. பயிற்சி தரும் அம்மா கேட்டுவிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார்: "மனப்பாடமா இருந்த வரி, தானா வருதுங்க. இதைப் பேச்சுன்னு நெனச்சு ஏமாந்துடாதீங்க."

அதற்கு அண்ணி சொன்ன பதில்தான், நான் தேடிய விடை. "காலையில அவரு சொன்னது தண்ணிக்கு. மத்தியானம் சொன்னது ஃபேனை நிறுத்தச் சொல்லி. பேரன் வந்தப்ப சொன்னது கொஞ்சுறதுக்கு. நேத்து நான் கால் இடறி விழப் பார்த்தப்ப சொன்னாரே, அது திட்டு! ஒரே வரிதாங்க. ஆனா ஒரு தடவை சொன்னதை அவரு இன்னொரு தடவை சொல்லவே இல்லை."

கேட்டீர்களா? ஒரு தடவை சொன்னதை இன்னொரு தடவை சொல்லவே இல்லை! வாழ்த்தும்போதும் வாழி தோழி, வாடும்போதும் வாழி தோழி. எழுத்து ஒன்று, ஏக்கம் வேறு. சொல் ஒன்று, சூழல் வேறு. கரையில் நின்று சொன்ன வரியும், கவிழும் கப்பலில் நின்று சொன்ன வரியும் ஒரே வரியா? திரும்பி வரும் வரி, போன ஆளாகத் திரும்பி வருவதில்லை. நடுவே நடந்ததையெல்லாம் சுமந்துகொண்டு வருகிறது. அதைக் கேட்கத்தான் ஒரு துணை வேண்டும்.

பயிற்சி தரும் அம்மாவும் பிடிவாதக்காரர் அல்லர். அந்த வரியைப் பாடவிட்டு, அதன் வாலிலேயே ஒரு புதுச் சொல்லைக் கோக்கப் பழக்கினார். வாரங்கள் போயின. வால் மட்டும் முளைக்கவில்லை.

அந்தப் பாட்டில் ஒரு விந்தை உண்டு. கப்பலோட்டி கேள், கேள் என்று கடைசி வரை கெஞ்சுகிறான். மனைவி ஒரு வார்த்தை பேசுவதில்லை. போன மாதம் ஒரு மாலை. அண்ணி துணி மடித்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் பாடினார்: "இன்னும் கேள் என் துணையே." தண்ணீர் இருக்கிறது, காற்று இருக்கிறது, பேரன் இல்லை. அண்ணி துணியை வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். சொல்லுங்க" என்றார்.

அண்ணன் சொன்னார். அந்த வரிக்குப் பிறகு, பக்கவாதத்துக்குப் பிறகு, அவர் வாயில் வந்த முதல் புதுச் சொல். அது அண்ணியின் பெயர்.

அந்தக் கதைப்பாடலை அச்சிட்டு இன்று நாம் வெளியிடும் இந்நூலில் அந்த வரி எல்லா இடத்திலும் முழுதாக இருக்கிறது. தட்டச்சு செய்தவர் நம் தலைவரே. அந்தப் பெயரை மேடையில் சொல்லட்டுமா என்று அண்ணியிடம் அனுமதி கேட்டேன். "வேண்டாம் தம்பி. அது அவரு சொல்றதுக்கு" என்றார்.

ஆகவே சொல்லாமல் அமர்கிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கதவோரம் நின்றும் நழுவாத தோழர்க்கும், தாய்மார்க்கும் என் நன்றி. வணக்கம்.