காதுக்காரரின் கைப்பிடி

வண்டியில் போடுகிற புதுக் கேபிளுக்கு எண்ணெய் விடக் கூடாது, மேடம். நிறையப் பேர் விடுகிறார்கள். இப்போது வருகிற கேபிள்களுக்கு உள்ளேயே வழுவழுப்பான உறை இருக்கிறது. எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இதை நான் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தர் காதிலும் ஏறாது. அதையே என் வீட்டுக்காரர் சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

அவரைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். என்னை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். நான் சொல்வதை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் கேள்வி இருந்தால் கேளுங்கள், பதில் வரும்.

அவரை எல்லோரும் காதுக்காரர் என்பார்கள். எங்கள் பைக் மெக்கானிக் கடைக்கு வண்டி வந்தால் ஸ்டார்ட் செய்து, தலையைச் சாய்த்து, அரை நிமிஷம் அசையாமல் நிற்பார். பிறகு, "வால்வு தட்டுது," என்பார். பிரித்துப் பார்த்தால் வால்வுதான். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவர் தலையைச் சாய்த்தது வண்டியைக் கேட்பதற்கு அல்ல, மேடம். என்னைப் பார்ப்பதற்கு. நான் பின்னால் வேலை மேசையில் இருப்பேன். கைத்துணியைத் தோளில் போட்டால் வால்வு. இடுப்பில் செருகினால் கிளட்ச். மேசையில் வைத்தால் செயின். ஒன்றும் செய்யாமல் முறைத்துக்கொண்டு நின்றால், கோளாறு வண்டியில் இல்லை, ஓட்டுகிறவனிடம் என்று அர்த்தம்.

என் அப்பா லாரி இன்ஜின் பிரிப்பவர். காது அவர் கொடுத்தது. கல்யாணமான புதிதில் இந்தத் துணி விஷயத்தை நாங்கள் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். ஒரு பொம்பளை கையில் வண்டியைக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. "நீ கண்டுபிடி, நான் பேசறேன்," என்றார். கடை சாத்திய பிறகு அன்றைக்கு ஏமாந்தவர்களின் முகத்தை நடித்துக் காட்டுவார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். அவர் நல்ல ஓட்டுநர், அதை நான் மறுக்க மாட்டேன். நான் கட்டிய இன்ஜினில் ஏறிப் பந்தயக் கோப்பைகள் வாங்கி வந்தார்.

எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. இதைத் தனியாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவை பத்திரிகையிலிருந்து படமெடுக்க வந்தவர், "அக்கா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, படத்துல விழறீங்க," என்றார். நின்றேன். நான் பாலிஷ் போட்ட பிஸ்டனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவர் சிரித்தார். அது பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, மணி பத்தே முக்கால். படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம். கால் மூன்று மாதத்தில் தேறிவிட்டது. கை தேறவில்லை. விரல் பிடிக்கும், ஆனால் மணிக்கட்டு கொஞ்சம்தான் திரும்பும். கைப்பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பொறுமைசாலி. ஒருநாள் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

"அக்கா, திடீர்னு சத்தம் கேட்டாலோ, பதறினாலோ அவரு கை தானா இறுகிடும். பிடிச்சதைத் தன் பக்கமா இழுக்கும். விடுன்னு மூளை சொன்னாலும் கை உடனே கேக்காது. சூடான பாத்திரம் எதையும் அந்தக் கையில குடுத்துடாதீங்க."

"வண்டி?" என்று கேட்டேன்.

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள்.

ஏழு மாதம் கடையை நான் ஒருத்தியாகவே நடத்தினேன். வேலை சரியில்லை என்று ஒரு வண்டிகூடத் திரும்பி வரவில்லை. வாடிக்கைக்காரர்கள் வீட்டுக்கு வந்து அவர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். "நீங்க இல்லாமலே கடை நல்லா ஓடுதே அண்ணே," என்றார் ஒருவர். இவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எங்க ஓடுது? ஒவ்வொண்ணையும் போன்ல நான் சொல்லிக் குடுக்கறேன். இல்லேன்னா இவ திண்டாடிப் போயிடுவா."

நான் டீயைக் கொண்டுபோய் வைத்தேன். சர்க்கரை அளவாக இருந்ததாகச் சொன்னார்கள்.

எங்கள் ரேஸ் டிராக்கில் வருஷத்துக்கு ஒருநாள் பழைய ஓட்டுநர்கள் ஜனங்கள் முன்னால் ஐந்து சுற்று ஓட்டிக் காட்டுவார்கள். அதை ஏற்பாடு செய்கிறவர்களில் என் கொழுந்தனாரும் ஒருவர், இவருடைய தம்பி. இந்த வருஷம் தானும் ஓட்டியே தீருவேன் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். தெருவில் ஓட்டிப் பார்த்தார். மணிக்கட்டு திரும்புகிற அளவுக்கு ஆக்ஸிலரேட்டர் மூன்றில் ஒரு பங்குதான் திறந்தது. சைக்கிளில் போன ஒருவர் மணியடித்து இவரைத் தாண்டிப் போனார். அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை.

மறுவாரம்தான் ஆக்ஸிலரேட்டர் கைப்பிடிக்குப் பதிலாக மாட்டுகிற த்ராட்டில் கிட் ஒன்றைப் பற்றி எங்கேயோ பார்த்துவிட்டு வந்து சொன்னார். வண்டியோடு வருகிற கைப்பிடியைக் கால் வட்டம் முறுக்கினால்தான் முழுசாகத் திறக்கும். இந்தக் கிட்டில் கேபிள் சுற்றும் சக்கரம் பெரிசு. அதில் பாதி முறுக்கினாலே முழுசும் திறந்துவிடும். "இதை எனக்குப் போட்டுக் குடு," என்றார். கேட்டது அவர். நானாக எதையும் அவர் தலையில் கட்டவில்லை.

கிட் வந்த அன்று மத்தியானமே மாட்டினேன். அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பழைய கைப்பிடியைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் துடைத்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். ஒரு இடத்தில் சின்னப் பிசிறு இருந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். அந்தப் பிசிறை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். திறக்கும் கேபிள், மூடும் கேபிள் இரண்டையும் கொடுத்து, தளர்வு இரண்டு மில்லிமீட்டர் வைத்தேன். கைப்பிடியின் முனை எங்கேயும் உரசாமல் ஒரு காகிதத் தடிமன் இடைவெளி விட்டேன். இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி திருப்பினேன். சத்தம் இம்மிகூட ஏறவில்லை. முழுசாக முறுக்கி விட்டேன். பட்டென்று மூடிக்கொண்டது. ஐம்பது தடவை விட்டேன், ஐம்பது தடவையும் மூடியது. இதில் யாராவது ஒரு குறை கண்டுபிடித்தால் நான் இப்போதே வாயை மூடிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை டிராக்கில் நானே ஓட்டிப் பார்த்தேன். ஒரு சாமானை மாட்டினால் போதாது, அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். மேடம், அது ஒரு ஆனந்தம். நினைத்தால் வண்டி பாய்ந்தது. வளைவிலிருந்து வெளியே வரும்போது கையை மாற்றிப் பிடிக்க வேண்டியதே இல்லை. ஆனால் ஆரம்பத்தில் கொஞ்சம் திருப்பினாலே நிறையக் கொடுத்துவிடும். பள்ளத்தில் இறங்கி ஏறி மணிக்கட்டு ஆடினால்கூட வண்டி திமிறும். நிதானமான கைக்கு இது வரம். மற்ற கைக்கு வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது வளைவில் எனக்கு அந்தக் கைப்பயிற்சிப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. பழைய கைப்பிடியில் அவர் கை இறுகி இழுத்தாலும் பாதிதான் திறக்கும். சறுக்கி விழுவார், முட்டி பெயரும், எழுந்து எல்லோரையும் திட்டுவார். இதில் முழுசும் திறக்கும். அந்த வளைவைத் தாண்டியதும் எதிரே வெறும் கான்கிரீட் சுவர். மோதலைத் தாங்குகிற டயர் அடுக்கு அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனேன். நான் ராட்சசி இல்லை. கூடத்தில் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார். இவர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாற்காலியைப் போட்டு உக்காந்து நான் சொல்லச் சொல்ல இவ ஸ்பேனரைப் பிடிச்சா. கேபிள் தளர்வு எவ்வளவு வைக்கணும்னுகூட இவளுக்குத் தெரியலே."

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். நிபுணருக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது?

அதற்குப் பிறகு மிச்சமிருந்த சோதனையைச் செய்தேன். கழற்றிய பழைய கைப்பிடியை ஒரு குழாயில் செருகி, மேசையில் இறுக்கி, கைப்பயிற்சி என்று சொல்லி அவர் முன்னால் வைத்தேன். ஆசையாகப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்று ஒரு ஸ்டீல் தட்டைத் தரையில் போட்டேன். கை இறுகி இழுத்தது. பந்தயத்துக்கு வைத்திருக்கும் ஸ்டாப்வாட்ச்சில் பார்த்தேன். பிடி தளர மூன்று விநாடி. இரண்டு நாள் கழித்து மறுபடி ஒரு தட்டு. மூன்று புள்ளி இரண்டு. "கை நழுவிடுச்சு," என்றேன். "உனக்கு எப்பவும் கவனம் போதாது," என்றார்.

டிராக்கில் மூன்றாவது வளைவிலிருந்து முழு வேகத்தில் சுவரைத் தொட இரண்டு விநாடிக்கும் குறைவு. அதையும் அளந்து வைத்திருந்தேன். அளக்காமல் எதையும் நான் வெளியே அனுப்புவதில்லை.

ஓட்டிக் காட்டுகிற நாளுக்கு முந்தின நாள் கொழுந்தனார் மட்டும் என்னைத் தனியாகக் கேட்டார். நல்ல மனுஷன். "அண்ணி, எனக்கு மனசு ஒப்பலே. நீங்க சொன்னா அண்ணன் கேப்பாரு. அந்தக் கையோட சரியா வருமா?"

"த்ராட்டில் கச்சிதமா இருக்கு தம்பி. நானே ஓட்டிப் பாத்துட்டேன்."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

பழைய ஓட்டுநர்களுக்குக் கடைசிச் சுற்று என்று தெரிவிக்க ஏர் ஹாரன் அடிப்பது வழக்கம். கையில் பிடிக்கிற சின்னக் குப்பி, ஆனால் காதைக் கிழிக்கும். அதை நேர்பாதையில், இடம் தாராளமாக இருக்கும் இடத்தில் நின்று அடிப்பார்கள். "நான் பாத்துக்கறேன், நீங்க மத்த வேலையைப் பாருங்க," என்று கொழுந்தனார் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். நேர்பாதைக்குப் போகவில்லை. மூன்றாவது வளைவின் உள்பக்கம் போய் நின்றேன்.

நாலு சுற்று மிக அழகாக ஓட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும். இத்தனை மாதம் கட்டிலில் கிடந்த மனுஷன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டி ஒரே குரலில் பாடியது. ஐந்தாவது சுற்றில் அவர் எனக்குப் பத்தடி தூரத்தில் வளைந்தபோது ஹாரனை அழுத்தினேன். அவர் தலை என் பக்கம் சாய்ந்தது. என் கையில் துணி இல்லை, ஹாரன்தான் இருந்தது. பிறகு இன்ஜின் உச்சத்துக்கு ஏறியது. அந்தச் சத்தத்திலும் ஒரு தட்டல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. சுவர் வரைக்கும் சுத்தமாகக் கேட்டது.

இடது கை நன்றாகத்தான் இருந்தது. கிளட்சைப் பிடித்திருந்தால் பிழைத்திருப்பார். அதைப் பிடிக்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அழுதேனா என்று கேட்கிறீர்கள். அழுதேன். பத்தொன்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர். அவர் நடித்துக் காட்டிய முகங்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் மன்னிப்புக் கேட்பீர்களா என்றால், மாட்டேன். அவர் கேட்டதை அவர் கேட்டபடி செய்து கொடுத்தேன். அவருக்கு இருந்ததாக எல்லோரும் சொன்ன அறிவு உண்மையிலேயே அவரிடம் இருந்திருந்தால், அந்தக் கைப்பிடியைத் தொட்டதுமே வேண்டாம் என்று சொல்லியிருப்பார். நான் வைத்த பரீட்சை அது. வேறு யாரும் அவருக்கு வைக்கவில்லை.

நான் வராமலே இருந்திருக்கலாம், எனக்குத் தெரியும். யாருக்கும் சந்தேகம் இல்லை. விபத்து என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் கடையைத் திறந்து வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று மத்தியானம் உங்கள் வாகன ஆய்வாளரின் அறிக்கையைக் கொழுந்தனார் கொண்டுவந்து கொடுத்தார். நாலு பக்கம். மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து படித்தேன். ஆய்வாளர் கெட்டிக்காரர், கேபிள் தளர்வைக்கூட அளந்திருக்கிறார். மூன்றாவது பக்கத்தில் எழுதியிருந்தார்: வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. த்ராட்டில் பொருத்தப்பட்ட விதம் மிக உயர்ந்த தரம், இவ்வளவு நேர்த்தியான வேலையைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை, இது காலமான நிபுணரின் கைத்திறனுக்குச் சான்று.

மூன்று தடவை படித்தேன், மேடம். பிறகு கடையைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். தண்டனை எதுவானாலும் சரி. பெயருக்கு ஆசைப்படுகிறவள் நான் இல்லை, அது உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். அந்த மூன்றாவது பக்கத்தில் மட்டும் காலமான நிபுணர் என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதச் சொல்லுங்கள். முழுப் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல்.