கச்சான் எழும்பிய திட்டு

"விழுந்து படுங்கோ!"

படுக்கிறேன். மகள் எனக்குக் கீழே. தூரத்தில் முதலில் ஒரு குத்து. டொப். அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் கூவல். தலைக்கு மேல் சீலையைக் கிழிக்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் வெடி. குத்துக்கும் வெடிக்கும் நடுவில் ஒரு மங்கள வார்த்தை ஜெபம் பாதி சொல்லலாம். முழுதாகச் சொல்லி முடித்தால் ஷெல் வேறு ஊருக்குப் போகிறது என்று அர்த்தம். அன்று பாதியோடு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் புகை.

மன்னார்த் தீவு. ஆடி மாதம். என் புருசன் அதற்கு முந்தின மாதமே இல்லை. வலை எடுக்கப் போனார். வலை வந்தது. அவர் வரவில்லை. சுட்டது யார் என்று கேட்க எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. எனக்கு மிச்சம் ஜெனி ஒருத்திதான். ஐந்து வயது. அவளை அக்கரை சேர்க்க வேண்டும். வேறு ஒரு நினைப்பும் எனக்கு இல்லை.

அக்கரை என்றால் இந்தியா. வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். மன்னார் இந்தப் பக்கம் மூக்கை நீட்டும். தனுஷ்கோடி அந்தப் பக்கம் மூக்கை நீட்டும். நடுவில் புள்ளி புள்ளியாக மணல் திட்டுகள். மரம் இல்லை. நல்ல தண்ணீர் இல்லை. வடக்கே உள்ளது பெண்கடல். ஆழமில்லை, அலையில்லை. தெற்கே ஆண்கடல். அது அடிக்கும். இரண்டு திட்டுக்கு நடுவே உள்ள வாயில் இரண்டு கடலும் முட்டிக்கொள்ளும். ஆடியில் தெற்கு நீர் அந்த வாய் வழியே வடக்கே இழுக்கும். அதில் விழுந்தால் நீச்சல் தெரிந்தும் பிரயோசனம் இல்லை. என் புருசன் சொன்னது. அவர் சொன்னபோது சும்மா உம் கொட்டினேன்.

இருட்டோடு ஏற்றுவேன் என்ற படகோட்டி விடிந்துதான் வந்தான். பைபர் படகு. கொள்ளக்கூடியதற்கு இரண்டு மடங்கு ஆள். ஜெனி நச்சரிக்கிறாள். சத்தம் கேட்டால் ரோந்துப் படகு வரும். அவள் காதில் சொன்னேன்: "வாயத் திறக்காமல் இருந்தியெண்டால் இந்தியா போனதும் கச்சான் வாங்கித் தருவன்."

கச்சான் என்றால் வேர்க்கடலை. எங்கள் ஊர்ச் சொல். அவளுக்கு உயிர். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு கையாலும். அப்படியே என் மடியில் தூங்கிவிட்டாள்.

மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்கும் எங்கள் ஊரில் கச்சான் என்றுதான் பெயர்.

திட்டு தெரிகிறது. வெள்ளையாக, தட்டையாக. வாய்க்குள் நுழைகிறோம். எஞ்சின் சத்தம் மாறுகிறது. தண்ணீர் நிறம் மாறுகிறது. ஓட்டி எழுந்து நின்று கத்துகிறான்.

"கச்சான்! கச்சான் வருது! ஆரும் எழும்பாதேங்கோ!"

ஜெனி கண் விழித்தாள். அவள் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்திருக்கிறது. எழுந்து நின்றாள். சிரித்தாள். கடவுளே, சிரித்தாள்.

"எங்க அம்மா கச்சான்?"

அலை பக்கவாட்டில் அடித்தது. நான் பிடித்தது அவள் சட்டை நுனி. கையில் நுனி இருந்தது. அவள் இல்லை.

குதித்தேன். தலைமயிரைப் பிடித்து யாரோ இழுத்துப் போட்டார்கள். இன்றைக்கும் அந்த ஆள் மேல் எனக்குக் கோபம்தான். படகு மணலில் ஏறியது. "இந்தியா வந்திட்டு, இறங்குங்கோ" என்றான் ஓட்டி. இறங்கினோம். அவன் திரும்பிப் போனான். அது இந்தியா இல்லை. வெறும் திட்டு. காற்றைப் பார்த்து ஓட்டி சரியாகத்தான் கத்தினான். என் பிள்ளையும் சரியாகத்தான் கேட்டாள். யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்.

வெயில் சாயும்போது கடல் அவளைக் கொண்டுவந்து போட்டது. பெண்கடல் பக்கம். அலையே இல்லாத பக்கம். படகில் கூட வந்த ஒரு பெரியவரும் நானும் தோண்டினோம். கையால்தான். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறியது. பள்ளத்தின் கரை சரிந்து சரிந்து மூடியது. "ஆழமாத் தோண்ட ஏலாது பிள்ள, விடு" என்றார் பெரியவர். கரையொதுங்கிய இரண்டு கட்டையைச் சேலைக் கிழிசலால் சிலுவையாகக் கட்டி நட்டேன். மறுநாள் ராமேஸ்வரம் மீனவர்கள் வந்து எங்களை ஏற்றினார்கள். படகு நகர நகர சிலுவையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது சின்னதாகி மறைய ரொம்ப நேரம் ஆகவில்லை.

முகாம்கள். விசாரணைகள். அதெல்லாம் மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் செஞ்சிக்கு வந்தேன். கடல் கண்ணில் படாத ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. கோட்டை பார்க்க வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டில் வழி கேட்பார்கள். கை காட்டுவேன். நான் மேலே ஏறியதில்லை. மல்லாட்டை உடைக்கும் மில்லில் வேலை. ஆமாம், வேர்க்கடலைதான். இங்கே அதற்கு மல்லாட்டை என்று பெயர். காற்றுக்கு மேக்காத்து என்று பெயர். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பருப்புப் பொறுக்குகிறவள் கன்னியம்மா. நல்லவள். வாய்தான் ஓயாது.

"இன்னாக்கா, இத்தினி வருசமா பாக்குறேன், ஒரு மல்லாட்டய வாய்ல போட்டு பாத்ததில்ல நீ. ஒனக்கு இன்னா வேண்டுதலா?"

"ஒத்துக்காது கன்னியம்மா."

அவ்வளவுதான் சொல்ல முடிகிறது. விளக்கினால் பாவம் என்பாள். அழக்கூடச் செய்வாள். ஆனால் கச்சான் என்ற சொல் அவள் காதில் ஒரே சொல்லாக விழாது. அது விழுகிற காது இந்த ஊரில் இல்லை. தனிமை என்றால் வீட்டில் ஆள் இல்லாதது என்று நினைத்திருந்தேன். இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு இங்கே கிறிஸ்தவர்கள் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நான் வாசலோடு நின்று திரும்பிவிடுவேன். எனக்கு வேறு ஆசை கிடையாது. என் பிள்ளை கிடக்கிற இடத்தில் ஒரு மெழுகுவர்த்தி. காற்று அணைத்தால் அணைக்கட்டும்.

போன வருசம் துணிந்தேன். விழுப்புரம் போய் ரயில் ஏறினேன். பையில் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. தனுஷ்கோடிக் கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் விவரம் சொன்னேன். திட்டு எந்தப் பக்கம், எத்தனையாவது, எப்படிப் படுத்திருக்கும், எல்லாம். அவர் வலையைக் கீழே வைத்தார்.

"அந்தத் திட்டாம்மா? அது இப்ப இல்லையே. ஒரு வாடைக் காத்துல கரஞ்சிருச்சு. அது ஆச்சு பல வருசம்."

"மண் எங்க போனது?"

"எங்க போகும், கடலுக்குள்ளதான். காத்து மாறுனா மண்ணும் மாறும். வேற எடத்துல வேற திட்டு எந்திரிக்கும்மா."

கடல் பளபளவென்று கிடந்தது. சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்தார்கள். அழகு, அழகு என்றார்கள். வாயை மூடுங்கள் என்று கத்தத் தோன்றியது. மெழுகுவர்த்தியைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். யாராவது ஒருவர் மறக்காமல் இருந்தால் போதும்.

புருசன். அவர் வலை. வீடு. வாசலில் ஒரு முருங்கை. ஊர்.

ஜெனி. ஐந்து வயது. முன் பல் ஒன்று விழுந்திருந்தது.

ஒரு திட்டு.