தொழுவத்து வேங்கை

ஈரம்பட்ட வேங்கை மரத்தின் வாடை எங்கே வந்தாலும், யுத்தகாலத்தில் கரியில் ஓடிய அந்தத் தென்காசி பஸ்ஸில் போய் உட்கார்ந்துவிடுகிறது என் மனசு. வெளியே சாரல். முன் சீட்டில் தூங்கும் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னாள்:

"உங்க மாட்டுத் தொழுவந்தான் அண்ணாச்சி எம் புள்ளைக்கு மூச்சு குடுத்துது."

"என் பழைய வீட்டைப் பிரிக்கையில தேக்கு உத்தரத்தை எடுத்துக்கோன்னேன். நீ தொழுவத்து வேங்கை உத்தரத்தைக் கேட்ட. கூச்சப்படுதியோன்னு நெனச்சேன்."

"கூச்சமா! நாங்களே கட்டுன வீடு, கூரைக்குப் பாரம் சாஸ்தி. ஓட்டுக்குக் கீழ பலகை, நடுவுல வைக்கோலும் மண்ணும், குளிர் இறங்காம. உங்க தேக்கு அழகு, ஆனா ஒல்லி. வேங்கைய ரெண்டு கல்லுமேல வச்சு அவுக ஏறிக் குதிச்சாக. பெறகு நானும் ஏறுனேன்."

"நீ ஏறியுமா ஒடியல?"

"போங்க அண்ணாச்சி! போன சாரலுக்கு மூச்சிளைப்பு வந்து, விடிய விடிய இவனத் தோள்லயே வச்சிருந்தோம். இப்பம் அந்தக் கூரைக்குக் கீழ கொறட்டை விடுதான்."

பெரியவர் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் புது மச்சு வீடு ஒழுகுது, தாயி. நாந்தான் இருமிக்கிட்டுக் கெடக்கேன்."

குற்றாலத்தில் அவர் இறங்கினார். அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"சாரல் முடியிறவரைக்கும் நம்ம வீட்டுல வந்து படுங்க. வராட்டி அவுகள அனுப்புவேன். அந்த வேங்கையவே தூக்குன ஆளு, உங்களத் தூக்க முடியாதா!"