யாகப்பன் நகர்த்தாத புள்ளிகள்

மேடையில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, எங்கள் இயந்திரவியல் துறைத்தலைவர் முனைவர் அறிவழகன் அவர்களே, முதுநகரிலிருந்து வந்திருக்கும் யாகப்பனின் துணைவியார் திருமதி சவரிமேரி அம்மா அவர்களே, மாணவச் செல்வங்களே! போன மாதம் மாரடைப்பில் நம்மை விட்டுப் பிரிந்த முனைவர் யாகப்பன் அவர்களோடு பத்தொன்பது ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்தவன் நான், செம்பியன். மூன்று நிமிடம் பேசச் சொன்னார்கள். கொஞ்சம் கூடத்தான் பேசுவேன்.

எனக்குப் பின்னால் தொங்கும் பேனரைப் பாருங்கள். "பேராசிரியர் யாகப்பன்"! அடடா! உயிரோடு இருந்தவரை அவர் இணைப் பேராசிரியர். பதவி உயர்வுக் கோப்பு நான்கு முறை போய் நான்கு முறையும் திரும்பி வந்தது. செத்ததும் பேராசிரியர் ஆக்கிவிட்டீர்களே, என்ன தாராளம்! பிளெக்ஸ் கடைக்காரருக்கு இருக்கிற மனசு நம் தேர்வுக் குழுவுக்கு இல்லாமல் போனதா?

"வெப்பவியல் மேதை" என்று எனக்கு முன்னால் பேசிய நால்வரும் சொன்னார்கள். அவர் என்ன செய்தார் என்று ஒருவராவது சொன்னீர்களா? தெரிந்தால்தானே சொல்வீர்கள்! சவரிமேரி அம்மாவுக்காக நான் சொல்கிறேன். சூடான டீயை வாயால் ஊதி ஆற்றுகிறோம் இல்லையா? அதுபோல, சூடேற்றிய இரும்புத் தட்டின் மேல் குழாய் வழியாகக் காற்றை வேகமாக அடிப்பார்கள். காற்று தட்டில் மோதி, கொந்தளித்து, நாலாபக்கமும் சிதறும். தட்டில் எந்த இடம் எவ்வளவு ஆறும்? அதைக் கணினியில் கணக்கிட்டு, பிறகு அதே தட்டில் அளந்தும் பார்ப்பார் யாகப்பன்.

அந்தக் கணக்கில் ஒரு தொல்லை உண்டு. வாடிக்கையாக நாம் பயன்படுத்தும் முறை, காற்று நேராக மோதும் நடு இடத்தில் உண்மையைவிட ஜாஸ்தியாக வெப்பம் போவதாகக் காட்டும். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த குறைதான். யாகப்பன் அதை மறைக்கமாட்டார். கணினி போட்ட கோடு ஒரு பக்கம், அளந்த புள்ளிகள் ஒரு பக்கம் என்று இருந்தால் அப்படியே வரைவார். நம் துறையின் வழக்கம் வேறு. நம் வரைபடங்களில் கோடு ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போகும். என்ன திறமை! ஆய்வகப் பூட்டைத் திறக்காத வருடங்களில்கூட நமக்குச் சோதனைப் புள்ளிகள் கிடைத்தன.

அவருடைய ஆய்வு மாணவி நித்யா மேரியிடம் அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். "கோடு தப்பா வந்தா, ஏன் தப்பா வந்துச்சுன்னு எழுதும்மா. புள்ளிய நகத்துறதுக்கு உனக்கு பிஎச்.டி. எதுக்கு?"

அதற்கு நாம் என்ன செய்தோம்? "துறைத்தலைவரின் முந்தைய கட்டுரையோடு ஒத்துப்போகவில்லை, திருத்துக" என்று எழுதி அந்தப் பெண்ணின் ஆய்வேட்டை ஒன்றரை வருடம் முடக்கினோம். நாம் என்றுதான் சொல்கிறேன். ஆய்வுக் குழுவில் கையெழுத்துப் போட்ட மூவரில் நானும் ஒருவன். மதியம் யாகப்பன் டப்பாவிலிருந்து மீன்குழம்பை வாங்கித் தின்றுவிட்டு, மூன்று மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். த்தூ! அவருக்கு அது தெரிந்தபிறகும், "பரவால்ல செம்பியன், உங்களுக்கும் குடும்பம் இருக்குது" என்றுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன வாரம் துறைத்தலைவர் நித்யா மேரியைக் கூப்பிட்டார். "அவரே போயிட்டாரு. புள்ளிய கொஞ்சம் சரிபண்ணிக்கோம்மா, நானே கைடா கையெழுத்துப் போடறேன்" என்றார். அவள் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். அறிவழகன் அவர்களே, உட்காருங்கள். இரங்கல் கூட்டத்தில் பாதியில் எழுந்து போனால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

அவர் பணியைத் தொடர்வோம் என்று நால்வரும் உறுதி எடுத்தீர்கள். நானும் எடுக்கிறேன். நெறியாளர் இறந்தால் குழு உறுப்பினர் பொறுப்பேற்கலாம் என்று விதி இருக்கிறது. அந்த விதிப்படி, ஒரு புள்ளியையும் தொடாமல், நித்யா மேரியின் ஆய்வேட்டில் இன்று காலை கையெழுத்திட்டுப் பதிவாளருக்கு அனுப்பிவிட்டேன். அன்று நான் போட்ட கையெழுத்து தவறு என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. துறைத்தலைவரின் கட்டுரையில் ஒன்பது புள்ளிகள் இருக்கின்றன. ஒரு புள்ளியை அளக்க வேண்டுமானால் தட்டின் அடியில் ஒரு துளை போட்டு, வெப்பம் அளக்கும் கம்பியைச் செருக வேண்டும். துளைக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். கட்டுரைக்குப் பயன்பட்ட தட்டு இன்னும் நம் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. அதைத் திருப்பிப் பார்த்த யாகப்பன் என்னிடம் மட்டும்தான் சொன்னார், ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. படத்துக்குப் பூ போட்டுவிட்டு எல்லோரும் ஆய்வகத்துக்கு வாருங்கள். திறந்து வைத்திருக்கிறேன். தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். துறைத்தலைவரே முதலில் எண்ணட்டும்.

ஐந்து துளைகள்தான் இருக்கின்றன.